வியாழக்கிழமை மாலை உங்கள் இருவருக்கும்

கேள்வி:

எனக்கு 33 வயசு. பாம்பன் பக்கம் ஊர். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். திங்கள், புதன், சனி காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. நான் கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியார், நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. ஒரு அறை, ஒரு ஹால், மேலே மொட்டை மாடி. கல்யாணமாகி 11 வருஷம். இரண்டு பேரும் நிம்மதியாக உட்கார்ந்து பேசியே பல மாதம் ஆகிறது. போனில் பார்த்து வாசனை மெழுகுவத்தி, ரோஜா இதழ் எல்லாம் வாங்கி, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அறையை அலங்கரித்து வைத்தேன். அவர் பார்த்துச் சிரித்தார். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். அழுகையாக வந்தது. எனக்கும் ஆசை சட்டென்று வருவதில்லை. என்னிடம்தான் கோளாறா? எண்ணெய் தேய்த்துவிடலாம் என்றால், எண்ணெய் தேய்த்த நாளில் புருஷன் பெண்டாட்டி சேரக்கூடாது என்று மாமியார் சொல்லியிருக்கிறார். எங்கள் மாதிரி வீட்டில் இதெல்லாம் நடக்குமா? இல்லை, இது பணக்காரர்கள் விஷயமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் போய் நின்ற இடம் 'செவ்வாய்க்கிழமை'. அந்த ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் தூங்கிப்போனதற்கு நீங்களும் காரணமில்லை, ரோஜா இதழும் காரணமில்லை. கிழமைதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். திங்கள் விடியற்காலையில் எழுந்து டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றிப் போனவர். ராத்திரி முழுக்க வலை இழுத்து, மீன் பிரித்து, செவ்வாய் காலை கரைக்கு வந்திருக்கிறார். அப்புறம் மீன் இறக்கி, எடை போட்டு, வலையில் கிழிந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். பகலில் எவ்வளவு தூங்கினாலும் அது ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. வெளிச்சத்திலும் வெக்கையிலும் உடம்பு அரைகுறையாகத்தான் தூங்கும். அதோடு புதன்கிழமை மறுபடியும் கடல். அப்படி ஒரு ராத்திரியில் பஞ்சு மெத்தை போட்டு வைத்தாலும் அவர் தூங்கத்தான் செய்வார். அவர் சிரித்தது கேலியாகவும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இப்படி ஒன்றைத் தனக்காக யாரும் செய்து பார்த்திராத ஆண்கள், என்ன செய்வது என்று தெரியாமல் சிரிப்பார்கள். ஆலோசனைக்காக என் முன்னால் உட்கார்ந்து பேசிய நிறைய ஆண்கள் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வாரத்தில் ஒரே ஒரு நல்ல மாலை இருக்கிறது. அது வியாழன். அன்று காலை கரைக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை கடல் இல்லை. சனிக்கிழமைக்கான ஐஸ், டீசல், வலை வேலையெல்லாம் வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். வியாழன் பகலில் அவரைத் தூங்க விடுங்கள். பிள்ளைகள் சத்தம் போட்டால் தெருவுக்கு அனுப்புங்கள், ஜன்னலில் ஒரு கனத்த துணியைத் தொங்கவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்தார் என்றால் உடனே எதையும் தொடங்க வேண்டாம். பகல் தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு முதல் அரைமணி நேரம் தலை மந்தமாகத்தான் இருக்கும். ஒரு தேநீர் குடிக்கட்டும், கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு தேநீர், காபி வேண்டாம். அதில் இருக்கும் காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். படகில் ராத்திரி முழுக்கக் கட்டங்காபியில் ஓடியவருக்கு இது இன்னும் முக்கியம். ராத்திரிக்குச் சுக்கும் கருப்பட்டியும் போட்டு, காபித்தூள் போடாமல் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

இனி உங்களைப் பற்றி. கடிதம் முழுக்க அவருடைய களைப்பைச் சொல்லியிருக்கிறீர்கள், உங்களுடையதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். வாரத்தில் மூன்று ராத்திரி அவர் கடலில் இருக்கிறார் என்றால், அந்த மூன்று ராத்திரியும் நீங்களும் சரியாகத் தூங்கவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி எந்த விடியலிலும் வரக்கூடிய ஊர் உங்களுடையது. போன் அடித்தால் நெஞ்சு ஒரு முறை நின்று துடிக்கும் என்று ராமேசுவரம், தங்கச்சிமடம், மண்டபம் பெண்கள் என்னிடம் சொல்லாத மாதம் இல்லை. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த பழைய புலவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. கரையில் காத்திருக்கும் உடம்பு விறைத்தே இருக்கும். தோளும் தாடையும் இறுகிப்போயிருக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும். அந்த உடம்பை அப்படியே கொண்டுபோய் மெழுகுவத்திக்கு முன்னால் உட்காரவைத்து 'இப்போது கிளர்ச்சி கொள்' என்றால் அது கேட்காது. காவலுக்கு நிற்கும் உடம்பை முதலில் உட்காரச் சொல்ல வேண்டும்.

அதனால் அந்த மாலையின் முதல் அரைமணி நேரம் உங்களுக்கானது. அவருக்காக எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். கொட்டகையிலிருந்து வந்ததும் கையைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சை மூடியிலோ நன்றாகத் தேயுங்கள். கவுச்சி வாடைக்குக் காரணம் மீனிலிருந்து வரும் அமீன் என்ற பொருள். அது காரத்தன்மை (ஆல்கலி) உள்ளது, புளிப்பு அதைக் கட்டிப்போடும். மீன் கழுவும்போது நாம் புளி போடுவதும் இதற்குத்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்குத் தங்கள் உடம்பில் கருவாட்டு வாடை அடிக்கிறது என்ற கூச்சம் உள்ளுக்குள் இருக்கிறது. கணவர் பக்கத்தில் வரும்போது அவர்கள் விலகுவதற்கு அதுவே பாதிக் காரணம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். அவருக்கும் டீசல் வாடை பற்றி அதே கூச்சம் இருக்கலாம்.

குளியலுக்கு வருகிறேன். போனில் காட்டும் குளியல் தொட்டியை மறந்துவிடுங்கள். நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று குடத்தோடு அலையும் மாவட்டம் இது. ஒரு வாளி போதும். படுப்பதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் குளித்தால் தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் விரியும். உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியே போய், குளித்த பிறகு உடம்பின் உள்வெப்பம் மெல்லக் குறையும். அந்தக் குறைவைத்தான் மூளை 'இளைப்பாறலாம்' என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் அதற்கும் இல்லாத நாளில் கால் மட்டும் போதும். அரை வாளி வெந்நீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு, கணுக்கால் முழுகும்படி பதினைந்து நிமிஷம். உப்பு வேண்டுமா என்றால் கட்டாயமில்லை, சூடுதான் வேலை செய்கிறது. சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாமல் வெந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் காலை வெந்நீரில் ஊறவைக்கவே வேண்டாம்.

உங்கள் வீட்டில் பணக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது, மொட்டை மாடி. பொழுது சாயும்போது மாடித் தரையில் ஒரு வாளி தண்ணீர் தெளித்துவிடுங்கள், உப்புத்தண்ணீரானாலும் சரி. பகல் முழுக்க வாங்கிய வெக்கையை அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஏழு மணிக்குமேல் ஓலைப்பாய் விரித்தால் கடல் காற்றே மீதியைச் செய்துவிடும். பக்கத்து மாடியிலிருந்து தெரியும் என்றால் கொடிக்கயிற்றில் ஒரு சேலையைக் குறுக்கே போடுங்கள். பளீர் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வேண்டாம், தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதை அது தடுக்கும். ஒரு சின்ன மஞ்சள் பல்பு, அல்லது அகல் விளக்கு. அகலைப் பாயிலிருந்தும் சேலையிலிருந்தும் தள்ளி வையுங்கள். கடற்காற்று அடிக்கும் இடத்தில் நெருப்பு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

வாசனைக்கு மெழுகுவத்தி எதற்கு? உங்களுக்கு அடுத்த ஊர் தங்கச்சிமடம். அங்கே வளர்க்கும் மல்லிகை நாற்று தமிழ்நாடு முழுக்கப் போகிறது. மல்லி மொட்டு பொழுது சாயும் நேரத்தில்தான் விரியத் தொடங்கும், வாசனையும் அப்போதுதான் ஏறும். நாலு மணிக்கு இரண்டு முழம் வாங்கி ஈரத்துணியில் சுற்றிவைத்து, மாடிக்குப் போகும்போது தலையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வைத்த பூவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவரே சொல்வார். சாம்பிராணி போடுவதென்றால் முன்னாலேயே போட்டு, புகை அடங்கிய பிறகு போய் உட்காருங்கள். இளைப்பு உள்ளவர்கள் வீட்டில் அதுவும் வேண்டாம்.

பாட்டு பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. எல்லோரும் இதமான இசை போடச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்காரர் ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க எஞ்சின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறார். அவர் காதுக்குத் தேவை அமைதி. போனைக் கீழே ஹாலில் வைத்துவிட்டு வாருங்கள். அலைச்சத்தமும் நீங்கள் பேசுவதும் போதும்.

அப்புறம் தொடுதல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுக் கெடுப்பது இதைத்தான்.

முதல் மூன்று, நான்கு வியாழன்களுக்கு உடலுறவு கிடையாது என்று இருவரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற இருவர் பல ஆண்டு ஆராய்ச்சியில் உருவாக்கி 1970-ல் வெளியிட்ட முறை இது. உலகம் முழுக்கப் பாலியல் ஆலோசகர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒருவர் தொட வேண்டும், மற்றவர் சும்மா இருந்து உணர வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. 'இது எங்கே போய் முடியும்' என்ற கேள்வி இல்லாதபோது களைத்த ஆணுக்குத் தன்னால் முடியுமா என்ற பயம் போகிறது. பெண்ணுக்கு, தொட அனுமதித்தால் அடுத்ததற்கும் ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்ற பயம் போகிறது. இந்த இரண்டு பயமும் போன பிறகு வரும் நெருக்கத்தை நான் எத்தனையோ தம்பதிகளிடம் பார்த்திருக்கிறேன். பதினைந்து வருஷம் கழித்து மனைவியின் பிடரியில் ஒரு மச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் என்னிடம் சொல்லிக் கண்கலங்கினார்.

எங்கிருந்து தொடங்குவது? அவர் உள்ளங்கையிலிருந்து. என் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். தேங்காய் எண்ணெயைக் கரண்டியில் லேசாகச் சூடாக்கி, திண்ணையில் உட்கார்ந்து அவர் உள்ளங்கையைப் பெருவிரலால் அம்மா நீவிவிடுவார். கயிறு அறுத்த கோடுகளில் எண்ணெய் இறங்கும். இருவரும் அதிகம் பேசமாட்டார்கள். சிறுமியாக அதை வைத்தியம் என்று நினைத்தேன். உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் அழுத்தம் பிடிக்கும். காய்ப்புக் காய்த்த கைக்கு மெல்லிய வருடல் தெரியவே தெரியாது, நன்றாக அழுத்தி நீவுங்கள்.

முன்கை, முதுகு, பிடரி, நெற்றி எல்லாம் வேறு மாதிரி. ரோமம் உள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில், உடம்புச் சூட்டோடு உள்ள கை தடவும்போது அவை நன்றாக விழித்துக்கொள்ளும். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வேகம் மிக இதமானது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் போக எட்டு நொடி ஆக வேண்டும். இப்போதே உங்கள் கையில் எண்ணிப் பாருங்கள், நாம் வழக்கமாக எவ்வளவு வேகமாகத் தேய்க்கிறோம் என்று தெரியும். குழந்தையைத் தட்டித் தடவித் தூங்கவைக்கும்போது உங்கள் கை தானாகப் பிடிக்கும் வேகம்தான் இது. கையைத் தடவும்போதே மூச்சையும் மெதுவாக்குங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை விடும் நேரத்தில் இதயத் துடிப்பு குறையும், அதனால் விடுவது நீளமாக இருக்கட்டும். அவருக்குப் பாடம் நடத்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் மெதுவாக மூச்சு விட்டால் இவருடையதும் இறங்கிவரும்.

பத்து நிமிஷம் கழித்து உங்கள் முறை. இதை விட்டுக்கொடுக்காதீர்கள். 'எனக்கு வேண்டாம், நீங்க படுங்க' என்று எழுந்துபோகும் பெண்கள்தான் அதிகம். வாங்கிக்கொள்ளத் தெரிவதும் இதில் பாதி. எங்கே வேண்டும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் அவர் கையின்மேல் உங்கள் கையை வைத்து வழி காட்டுங்கள். யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் 'போதும்' என்ற ஒரு சொல்லில் நிறுத்திவிட வேண்டும். அவர் குடித்திருக்கும் நாளில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். ஆசை சட்டென்று வராதது கோளாறு இல்லை, சகோதரி. பசி மாதிரி தானாக எழும் ஆசை ஒரு வகை. தொட்டு, பேசி, மனம் தளர்ந்த பிறகு மெல்ல எழும் ஆசை இன்னொரு வகை. கனடாவைச் சேர்ந்த ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் 2000-ல் இந்த இரண்டாவது வகையை விளக்கி எழுதினார். பல வருஷம் சேர்ந்து வாழ்ந்த பெண்கள் பலருக்கு இதுதான் இயல்பு. தொடங்கும்போது ஆசை இல்லாவிட்டாலும், விருப்பமும் நிம்மதியும் இருந்தால் போதும், ஆசை பின்னால் வந்து சேரும். விருப்பமே இல்லை என்றால் அது வேறு, அன்றைக்குப் பேசிவிட்டுத் தூங்குங்கள்.

மாமியார் சொன்ன எண்ணெய் விஷயம் பழைய வழக்கம். தலைமுழுக்க நல்லெண்ணெய் வைத்து வெந்நீரில் குளித்தால் அசதியும் தூக்கமும் வரும், அன்று உடம்புக்கு ஓய்வு கொடுக்கட்டும் என்று பெரியவர்கள் வைத்திருக்கலாம். மருத்துவத்தில் தடை எதுவும் இல்லை. அவர் மனம் நோகாமல் இருக்க வேண்டுமென்றால் எண்ணெய்க் குளியலை ஒரு நாளும், கைகால் நீவுவதை வியாழனும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் கட்டாயம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எது பட்டாலும் லேடெக்ஸ் ஆணுறை பலமிழந்து கிழியும். ஆணுறை பயன்படுத்தும் நாளில் எண்ணெய்க்கை அங்கே போகக் கூடாது.

பிள்ளைகளையும் மாமியாரையும் என்ன செய்வது? ஒளிக்க வேண்டாம், விளக்கவும் வேண்டாம். 'அத்தை, உங்க மகனுக்கு உடம்பெல்லாம் வலியா இருக்காம், மேல கூட்டிட்டுப் போய்க் கைகால் அமுக்கி விடுறேன், பிள்ளைங்களப் பாத்துக்கங்க' என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மகனுடைய கால்வலி என்றால் எந்த அம்மாவும் தடுக்கமாட்டார், புரிந்தாலும் புரியாத மாதிரி இருந்துவிடுவார். மாதம் ஒரு மாலை நீங்கள் அவருக்கும் அதே வெந்நீரில் கால் கழுவி நீவிவிட்டால் வீட்டில் இது இயல்பாகிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கணவர் வீட்டிலேயே இருக்கிறார், அப்போது எல்லாம் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் சண்டை கூடுவதும் அப்போதுதான். கையில் காசு இருக்காது, கடன்காரர் வருவார், ஆண்களுக்குத் தாங்கள் வேண்டாதவர்களாகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வரும். அந்த இரண்டு மாதமும் வியாழனை விட்டுவிடாதீர்கள். இதற்குச் செலவு இரண்டு முழம் பூவும் ஒரு வாளி வெந்நீரும்தான்.

உறவின்போது உங்களுக்கு வலியோ ரத்தமோ இருந்தால், அல்லது அவருக்குத் தொடர்ந்து விறைப்பு வராமல் இருந்தால், இந்த மாலைகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். ஆண்களுக்கு விறைப்பு வராதது சர்க்கரை நோயின் அல்லது இதயக் குழாய்ச் சிக்கலின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். கடலில் நடந்த ஏதோ ஒன்றை நினைத்து அவர் ராத்திரியில் அலறி எழுகிறார் என்றால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் இலவசம்.

வாங்கி வைத்த மெழுகுவத்தியைத் தூக்கி எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். நாலாவது வியாழனோ ஐந்தாவதோ, அதை ஏற்றச் சொல்லி அவரிடம் கொடுங்கள். அன்றைக்கு ஏன் அழுதீர்கள் என்பதையும் அப்போது சொல்லுங்கள்.